வெட்டாத வெள்ளை நூல்

பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, கடைவாய்ப் பல் பிடுங்கிய ஒரு கிழவருக்கு மறுபடி வர நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்லெட்டுக்கு நண்பன் பெர்சியிடமிருந்து போன் வந்தது.

“அடியே, உன் முதுகு சுவத்துல தொங்குதுடி. உள்ள நுழைஞ்சதும் நேரா தெரியுதே, அந்தச் சுவரு. ஆளை விடப் பெருசு!”

ஆர்லெட்டுக்குச் சந்தோஷத்தில் காது சுட்டது. ரூஃபஸின் கண்காட்சியில் நடுச்சுவர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? சிகாகோவின் தென்பக்கத்தில், நாற்பத்தேழாம் தெருவைச் சுற்றி, மனிதர்களைப் பின்னாலிருந்து மட்டுமே படம் பிடித்துக் கிழவரானவர் ரூஃபஸ். முன்னால் வந்து நின்று சிரித்தால் கேமராவை இறக்கிவிடுவார். “மூஞ்சி பொய் சொல்லும்மா. தினம் கண்ணாடியில ஒத்திகை பார்க்குது. முதுகுக்கு அந்தப் பழக்கம் இல்ல” என்பார். யாருக்கும் படத்தை முன்கூட்டிக் காட்டவும் மாட்டார். சுவரில் மாட்டிய பிறகுதான் அவரவர் முதுகை அவரவர் பார்க்கலாம். இன்று மாலை திறக்கப்போகும் கண்காட்சிக்குப் பெயரே ‘முதுகுகள்’தான்.

“எந்தப் படம்டா?”

“போன டிசம்பர்ல ஒட்டகக் கலர் கோட்டு போட்டுட்டு வந்தியே, அது. தோளு, கழுத்து, நீ நிக்கிற நிலை, எல்லாம் அம்சம். ஆனா ஒண்ணு.” பெர்சி சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். “கீழ, கோட்டோட பிளவுல, வெள்ளைவெளேர்னு பெருக்கல் குறி! அம்மா தாயே, நீயா? ஊரு கோட்டெல்லாம் மோப்பம் பிடிக்கிறவ, உன் கோட்டுல நூல விட்டுட்டு வந்தியா?”

ஆர்லெட்டின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. எதிரே நின்ற கிழவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி, “என்னம்மா, உனக்கும் பல்லு வலியா?” என்று கேட்டார்.

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவு கடையில் தொங்கும்போது கசங்காமல் இருப்பதற்காக, வெள்ளை நூலில் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஒரு தையல் போட்டு அனுப்புவார்கள். போட்டுக்கொள்வதற்கு முன் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் தெருவில் நடப்பவனை, உடுத்தத் தெரிந்தவர்கள் ஒரு வருடத்துக்கு விடமாட்டார்கள். ஆர்லெட் விடவே மாட்டாள். ஒரு ஈஸ்டர் ஞாயிறன்று, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பெரியவரின் கோட்டு நூலை நகவெட்டியால் அறுத்து அவர் கையில் கொடுத்தவள் அவள். மனிதர் அடுத்த மூன்று ஞாயிறு கோயில் பக்கமே வரவில்லை.

உண்மையை நாம் சொல்லிவிடுவோம், ஆர்லெட் சொல்லமாட்டாள். அந்த நூல் மறதியால் தங்கியது இல்லை. அந்தக் கோட்டு அவளுடையதும் இல்லை. கடையில் வாங்கினாள், திறப்பு விழாவுக்குப் போட்டாள், அடுத்த வாரமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டாள். மார்ச் மாதத்தில் ஒரு நீலக் கோட்டு, அக்டோபரில் ஒரு கட்டம் போட்டது, எல்லாம் அப்படியே. விலை அட்டையைக் கோட்டின் கைக்குள் மடித்து ஊக்குக் குத்திக்கொள்வாள். நூல் அறுந்தால் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் அதன்மேல் துணியின் நிறத்திலேயே ஒரு சின்ன ஒட்டுத்துணியை ஒட்டிவிடுவாள். டிசம்பர் மாதத்துச் சேற்றுப் பனியில் அந்த ஒட்டுத்துணி நனைந்து எங்கேயோ விழுந்திருக்கிறது. அது விழுந்த நேரம் பார்த்து ரூஃபஸ் பின்னால் நின்றிருக்கிறார்.

பேராசைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு துணி தோளிலிருந்து எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் அவளுக்குப் பசி மறந்துபோகும். விடுமுறை நாளில் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரே ஓவியத்தின் முன்னால் கால் கடுக்க நிற்பாள். உடையின் கைமடிப்பு நிழலில் வரைந்தவன் எங்கே பச்சையைக் கலந்தான் என்று கண்டுபிடித்த பிறகுதான் நகர்வாள். எந்தக் கண்காட்சி திறந்தாலும், “ஆர்லெட் வந்தாச்சா? அப்ப ஆரம்பிக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் செய்வாள். அடுத்தவர் பல்லுக்கு நாள் குறித்துக் கொடுக்கிற சம்பளத்தில் அந்த மாதிரிக் கோட்டு வாங்க முடியாது. வாங்க முடியாததை ஆசைப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

பெர்சியின் கேலியை அவள் தாங்கிக்கொள்வாள். பயம் வெர்னிஸை நினைத்துத்தான்.

வெர்னிஸ் அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி. நகரத்தின் நடுவே, பெரிய வீதியிலுள்ள துணிக்கடையில் பெண்கள் கோட்டுப் பிரிவில் விற்பனைக்கு நிற்கிறாள். ஆர்லெட் வாங்கிய கோட்டெல்லாம் அவள் கையால் விற்றவை. ஆர்லெட் திருப்பிக் கொடுத்ததெல்லாம் வெர்னிஸ் விடுப்பில் இருக்கும் நாள் பார்த்து, கீழ்த்தளத்துக் கவுண்டரில். விற்ற கோட்டு திரும்பி வந்தால் விற்றவளின் கணக்கில்தான் கழிப்பார்கள் என்பது ஆர்லெட்டுக்கு முதலில் தெரியாது. தெரிந்த பிறகு, இது கடைசித் தடவை என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த திறப்பு விழா வரும்.

போன சனிக்கிழமை நடந்ததுதான் இப்போது அவளைக் கொன்றுகொண்டிருந்தது. இந்தக் கண்காட்சிக்கென்று ஆழ்ந்த பச்சையில் ஒரு கோட்டை எடுத்தாள். வெர்னிஸ் வழக்கம்போல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் குனிந்தபோது, “வேணாம்டி, தையல்காரர் நீளம் குறைக்கணும். அவரே வெட்டிக்குவாரு” என்று தடுத்தாள். வெர்னிஸ் அந்தக் கோட்டை மடித்து வைத்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நல்லவேளை வந்தடி மகாராணி. எவளோ ஒருத்தி என் தலையில கைவைக்கிறா. நான் விக்கிற கோட்டா பார்த்துத் திரும்பி வருது. நூலு அப்படியே இருக்கு, அட்டை அப்படியே இருக்கு, போடவே இல்லேங்கிறா. கழுத்துப் பட்டியில மட்டும் பவுடர் வாசனை. இன்னும் ஒண்ணு திரும்பி வந்தா என்னைக் கோட்டுப் பிரிவுல இருந்து தூக்கி, கீழ பரிசுப் பொட்டலம் மடிக்கிற மேசையில போட்டுருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பதினாறு வயசுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து ரிப்பன் கட்டணும் நான்.”

“அவ நாசமாப் போவா” என்றாள் ஆர்லெட். சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள்.

அந்தப் பச்சைக் கோட்டுதான் இப்போது மருத்துவமனையின் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. கைக்குள் அட்டை, பிளவில் வெள்ளை நூல், நூலின்மேல் பச்சை ஒட்டுத்துணி. இன்று போட்டுக்கொண்டு வியாழக்கிழமை திருப்பிக் கொடுப்பதாக இருந்தாள். வெர்னிஸுக்கு வியாழன் விடுப்பு.

போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். போகாவிட்டாலும் படம் சுவரில் இருக்கும், வெர்னிஸ் வருவாள், பெர்சி வாயை மூடமாட்டான். அந்த ஒட்டகக் கலர் கோட்டை அதற்குப் பிறகு ஆர்லெட் போட்டே பார்த்ததில்லை என்பது வெர்னிஸுக்கு ஞாபகம் வர எவ்வளவு நேரமாகும்? கோட்டை மாற்றிக்கொண்டு போனாலும், “எங்கடி பச்சை?” என்று கேட்பாள். எப்படிப் பார்த்தாலும் இடிக்கத்தான் செய்தது. கடைசியில், பக்கத்தில் இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

கிரீன் லைன் ரயிலில் உட்கார இடமிருந்தும் அவள் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்துத் தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் பின்னால் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையைப் பின்னால் விட்டு ஒட்டுத்துணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எதிரே நின்ற ஒரு அம்மாள், பாவம் பெண்ணுக்கு எங்கேயோ அரிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்காட்சி நடக்கும் இடம் ஒரு காலத்தில் செருப்புக்கடையாக இருந்தது. உள்ளே கூட்டம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் கோப்பைகளில் மலிவான ஒயின், ஒரு தட்டில் பாலாடைக்கட்டித் துண்டுகள், ரூஃபஸின் தங்கை செய்து கொண்டுவந்த கேரமல் கேக். ஆட்கள் சுவரைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் அதிகமாகப் பார்த்தார்கள். அது தப்பில்லை, அதற்காகத்தானே உடுத்திக்கொண்டு வருவது. வெல்வெட் ஜாக்கெட், இறகு வைத்த தொப்பி, பாட்டனார் காலத்து இரட்டை வரிசைப் பித்தான் கோட்டு. வேறொரு நாளாக இருந்தால் ஆர்லெட் அத்தனையையும் கண்ணால் தின்றிருப்பாள்.

நடுச்சுவரில் அவள் தொங்கினாள்.

பயத்தையும் மீறி அவள் கிட்டப் போனாள். பனி கொட்டும் தெரு, விளக்குக் கம்பம், இருட்டுக்குள் நடந்துபோகிற ஒரு பெண். ஒட்டக நிறம் விளக்கொளியில் தேன்போல் இருந்தது. இவ்வளவு அழகாகவா நான் நடக்கிறேன் என்று நினைத்தாள். அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போய்ப் பார்க்கத் தோன்றியது. பிறகு கண் தானாகக் கீழே இறங்கியது. முழங்காலுக்குச் சற்று மேலே, யாரோ கணக்கு நோட்டில் தப்பு என்று போட்டதுபோல், வெள்ளைப் பெருக்கல் குறி. படத்திலேயே மிக வெளிச்சமான இடம் அதுதான்.

அவள் மெதுவாகப் பின்னால் நகர்ந்து எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ‘முதுகுகள்’ கண்காட்சியில் முதுகைக் காட்டாமல் நின்ற ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

“வந்தாச்சா என் நாயகி!” ரூஃபஸ் கையை விரித்துக்கொண்டு வந்தார். “பிடிச்சிருக்காம்மா?”

“ரொம்ப நல்லா இருக்கு, ரூஃபஸ் அண்ணே. அந்த நூலு... அதை அழிச்சிருக்கக் கூடாதா?”

“அழிக்கிறதா?” ரூஃபஸ் கோபித்துக்கொண்டார். “பொட்டு வெச்ச மாதிரி இருக்கு அது. அது இல்லேன்னா இது கோட்டுக்கடை விளம்பரம்மா. வா, வந்து மத்த படத்தைப் பாரு. ஏன் சுவத்தோட நிக்கிற?”

“காலு வலிக்குது அண்ணே.”

அங்கிருந்தே மற்றப் படங்களைப் பார்த்தாள். பாட்டுக்குழுப் பெண்மணி ஒருத்தி, அங்கியின் ஜிப் பாதி வரைதான் ஏறியிருக்கிறது, அதற்கு மேல் ஒரு சின்னக் கை அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. முடிதிருத்துபவர் ஒருவர், பட்டுத் துணியில் பளபளக்கும் முதுகு, பெல்ட் ஒரு வளையத்தைத் தவறவிட்டிருக்கிறது. எல்லோருக்கும் பின்னால் ஏதோ ஒன்று பிசகியிருந்தது. ஆனால் எல்லோருடையதும் மறதிப் பிசகு. அவளுடையது மட்டும்தான் தெரிந்தே விட்டது.

பெர்சி ஊதா நிறக் கோட்டில் மிதந்து வந்தான். “என்னடி, செவுத்துல பல்லி மாதிரி? வா, வந்து உன் பெருமையப் பாரு. கோயில் பெரியவருக்கு ஆள் அனுப்பியிருக்கேன். வந்து பழி தீர்த்துக்கட்டும்.”

“வாயை மூடுடா. வெர்னிஸ் வந்தாளா?”

“கடையில நிக்கிறாளாம். முடிஞ்சதும் ஓடி வரேன்னா.”

அப்போது தலையை ஒட்ட வெட்டிய ஒரு இளம்பெண் கையில் குறிப்பேட்டோடு வந்தாள். நகரத்துக் கலைப் பத்திரிகையில் எழுதுகிறவள். “நீங்கதானே அது?” என்று படத்தைக் காட்டினாள். “அந்தப் பெருக்கல் குறியைத்தான் நான் அரை மணி நேரமா பார்த்துட்டிருக்கேன். கோட்டு போட்டாச்சு, ஆனா அந்தக் கட்டை இன்னும் அவிழ்க்கல. நம்ம அவ்வளவு பேருமே அப்படித்தானேன்னு கேக்குற மாதிரி. அது தெரிஞ்சே விட்டதுதானே?”

ஆர்லெட் அவளைப் பார்த்தாள். கிணற்றில் விழுந்தவளுக்கு மேலேயிருந்து கயிறு இறங்குகிறது.

“தெரிஞ்சேதான்” என்றாள். பார்க்கப்போனால் அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! பெர்சி வாயைப் பிளந்தான். “அடிப்பாவி, ஸ்டைலா அது?” என்றான். அடுத்த நிமிடம், “எனக்கு அப்பவே தெரியும்” என்றான். ரூஃபஸின் மேசையிலிருந்து வெள்ளை நாடாவைக் கிழித்துத் தன் ஊதாக் கோட்டின் பின்னால் பெருக்கல் குறி ஒட்டிக்கொண்டான். வெல்வெட் ஜாக்கெட்காரர் தனக்கும் ஒன்று ஒட்டச் சொன்னார். கால் மணி நேரத்தில் அறை முழுக்கப் பெருக்கல் குறிகள். ஊர்க்காரர்கள் ஆர்லெட்டிடம் வந்து கை கொடுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? நாலு பேர் சேர்ந்து சோறு போட்டால் மறைந்துவிடும். ஆர்லெட் ஒயினைக் கூட ஒரு வாய் குடித்தாள். வெர்னிஸ் வந்தாலும் இதையே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வெர்னிஸ் வந்தாள். வாசலிலேயே கடைச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் நின்ற காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஆர்லெட்டைப் பச்சைக் கோட்டில் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அடடா! இதுக்குத்தாண்டி நான் பொறந்தேன். இந்த நிறம் உனக்குன்னே...” என்று வந்தவள், திரும்பி நடுச்சுவரைப் பார்த்தாள்.

ஆர்லெட் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்னிஸின் பழைய சாம்பல் கோட்டு, தோள்பட்டையில் ஒரு தையல் விட்டிருந்தது. மற்றவர்களுக்குக் கோட்டு விற்கிறவளுக்குப் புதுக் கோட்டு இல்லை. அதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தது எப்படி என்று ஆர்லெட்டுக்குத் திக்கென்றது.

வெர்னிஸ் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

“நான்தானே வித்தேன் அதை” என்றாள்.

“வெர்னிஸ்...”

“கிறிஸ்துமஸ் கூட்டம். ஒரே தள்ளுமுள்ளு. வெட்டாமலே பொட்டலம் கட்டிட்டேன். ஐயோ, இவ்வளவு பெரிய படத்துல! ஊரே பார்க்கிற மாதிரி! உன்னை இப்படி நிக்க வெச்சுட்டேனே மகாராணி.”

“இல்லடி, அது சும்மா... ஸ்டைலு. கேட்டுப் பாரு, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“ஸ்டைலாம் ஸ்டைலு.” வெர்னிஸ் மூக்கை உறிஞ்சினாள். “யாருகிட்ட கதை விடுற? கோயில்ல ஜெபத்துக்கு நடுவுல நூலு வெட்டினவ நீ. இது உனக்கு ஸ்டைலா? எனக்காகச் சொல்ற. என் பேரு கெடக் கூடாதுன்னு பழியை நீ சுமக்கிற. எனக்குத் தெரியாதா உன்னை?”

ஆர்லெட்டின் வாயில் ஒயின் புளித்தது. திருடி என்று திட்டியிருந்தால் கூட எதிர்த்துப் பேசியிருப்பாள்.

பத்திரிகைப் பெண் பக்கத்தில் வந்து, “அப்ப தெரிஞ்சே விட்டது இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றாள் வெர்னிஸ், முதுகை நிமிர்த்திக்கொண்டு. “அவ மேல ஒரு தப்பும் இல்ல. விற்கும்போதே வெட்டிக் கொடுக்கணும், அது வித்தவ வேலை. எழுதிக்கோ. வெர்னிஸ் ஹோல்ட். நான்தான் வித்தேன், நான்தான் மறந்தேன். இவளை யாரும் கேலி பண்ண வேணாம்.”

“கடைப் பேரும் போடலாமா?”

“போடு. பயந்து என்ன ஆகப் போகுது?” என்றாள் வெர்னிஸ். பிறகு ஆர்லெட்டின் பக்கம் திரும்பி மெதுவாக, “கோட்டு திரும்பி வரதுக்கும் நான்தான் காரணம்னு ஏற்கெனவே சொல்லிட்டிருக்காங்க. இதையும் சேர்த்துக்கட்டும். இந்தப் பச்சையாவது நிக்குதே, அது போதும்” என்றாள்.

பத்திரிகைப் பெண்ணின் பேனா ஓட ஆரம்பித்தது. ஆர்லெட் அந்தப் பேனாவைப் பார்த்தாள். பெயரை எழுதி முடித்து, கீழே கோடு போட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும், அவள் தப்பித்துவிடுவாள். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமை கோட்டையும் திருப்பிவிடலாம். வெர்னிஸ் ரிப்பன் கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை இவள் போய் ஆறுதல் சொல்வாள். இவ்வளவையும் தன்னால் செய்ய முடியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. செய்துகொண்டுதானே இருந்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது, பிடிபடுவதைவிட அதிகமாக.

“அந்தப் பேரை அடிச்சிரும்மா” என்றாள்.

“என்ன?”

ஆர்லெட் சுவரிலிருந்து விலகினாள். மாலை முழுக்க ஒட்டியிருந்த இடத்தை விட்டு வருவது குளிரில் போர்வையை விடுவதுபோல் இருந்தது. வெர்னிஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைப் பின்னால் விட்டு, பச்சை ஒட்டுத்துணியைப் பிடித்து உரித்தாள்.

அறையில் அத்தனை வெள்ளை நாடாக்களுக்கு நடுவே, அது மட்டும் நிஜ நூல்.

“இதையும் நீ மறக்கல” என்றாள் ஆர்லெட். சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. “நான்தான் வெட்ட வேணாம்னேன். தையல்காரரும் இல்ல, ஒருத்தரும் இல்ல.”

பின்னாலிருந்து வெர்னிஸின் கை அவள் கோட்டின் கைக்குள் நுழைவது தெரிந்தது. பழகிய கை, நேராக அட்டை இருக்கும் இடத்துக்குப் போய் ஊக்கைத் தொட்டு நின்றது.

“ஒட்டகக் கலரு?” என்றாள் வெர்னிஸ்.

“திருப்பிட்டேன்.”

“மார்ச்ல, அந்த நீலம்?”

“ம்.”

“போன மாசத்துக் கட்டம் போட்டது. அதுவும்?”

“ம்.”

“சனிக்கிழமை நான் சொன்னப்ப... அவ நாசமாப் போவான்னு நீதானே சொன்ன?”

பெர்சி தன் கோட்டின் நாடாவை மெல்ல உரித்துக்கொண்டிருந்தான். எங்கேயோ ரூஃபஸ் கேமராவைத் தூக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அதைக் கீழ வைங்க” என்றாள் வெர்னிஸ், திரும்பிப் பார்க்காமலே.

ரூஃபஸ் கீழே வைத்தார்.

பையின் ஜிப் திறந்தது. ஆர்லெட் கண்ணை மூடிக்கொண்டாள். அறைவாளா, காறித் துப்புவாளா, பேசாமல் போய்விடுவாளா? போய்விடுவதுதான் மூன்றிலும் மோசம் என்று தோன்றியது. காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டது கத்தரிக்கோல் சத்தம். ஒரு முறை. இன்னொரு முறை. வெர்னிஸ் குனிந்து, அறுந்த நூலைப் பிசிர் இல்லாமல் இழுத்து எடுத்தாள். எந்த வாடிக்கையாளருக்கும் செய்கிற அதே சுத்தத்தோடு. பிறகு கைக்குள் இருந்த ஊக்கைக் கழற்றி அட்டையையும் வெட்டினாள்.

“திரும்பு.”

ஆர்லெட் திரும்பினாள். வெர்னிஸின் முகம் கல்லாக இருந்தது. அட்டையை இரண்டாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இனிமே இது உன்னுது. எந்தக் கடையும் எடுக்காது.”

“தெரியும். கட்டிடறேன். எவ்வளவு நாளானாலும்...”

“அது உன் பாடு. நான் சொல்றதைக் கேளு. இந்தக் குளிர்காலம் முழுக்க இதைத்தான் போடணும். வர்ற வாரம் ரயிலடித் தெருவுல ஓவியக் கண்காட்சி திறக்கிறாங்கல்ல? இதே கோட்டு. கிறிஸ்துமஸ் திறப்புக்கு இதே கோட்டு. ஏப்ரல் வரைக்கும். அதே பச்சை, அதே பித்தான். ‘ஐயோ, ஆர்லெட்டுக்கு வேற கோட்டே இல்லையா’ன்னு ஊரு பேசணும். பேசும்போது நீ நின்னு கேக்கணும்.”

ஆர்லெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெர்னிஸ் சிறைக்குப் போகச் சொல்லியிருந்தாலும் இப்படி இருந்திருக்காது.

“நீ வருவியா அதுக்கெல்லாம்?” என்று கேட்டாள்.

வெர்னிஸ் கத்தரிக்கோலை உறையில் போட்டாள். ஹீல்ஸைக் கழற்றி, கடைச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்கெல்லாம் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

“போடுறியான்னு யாரு பார்க்கிறதாம்?” என்றாள் கடைசியில். பத்திரிகைப் பெண்ணின் குறிப்பேட்டை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தாள்.

ஆர்லெட் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு அவளும் கிளம்பினாள். கதவைத் திறந்ததும் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து அறைந்தது. கோட்டின் பிளவு விரிந்து படபடத்தது, முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்று குளிர் ஏறியது. இத்தனை வருடம் நூல் பிரிக்காத கோட்டாகவே போட்டதில் அந்தக் குளிர் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. தெருமுனையில் வெர்னிஸ் சாம்பல் கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக நடக்கவில்லை. கூப்பிடலாமா என்று ஆர்லெட் நினைத்தாள், பயமாக இருந்தது. கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தாள்.